நடுக்கம் நின்ற மாதங்கள்

முதலில் சிறுத்தது என் கையெழுத்து. கொழும்பு புதுக்கடையில் ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் சுருக்கெழுத்தும் தட்டச்சும் செய்து ஓய்வு பெற்றவள் நான். என் எழுத்தை யாரும் குறை சொன்னதில்லை. ஓய்வு பெற்ற அடுத்த வருடம், கடைக்கு எழுதிக் கொடுத்துவிட்ட சாமான் துண்டைத் திருப்பிக் கொண்டுவந்து காட்டினார் என் கணவர்.

"இதென்ன, எறும்பு ஊர்ந்த மாதிரி? பருப்போ பயறோ எண்டு கடைக்காரன் என்னட்டைக் கேக்கிறான்."

வரியின் தொடக்கத்தில் எழுத்து ஒழுங்காகத்தான் இருந்தது. போகப்போகச் சிறுத்து, கடைசியில் ஒரு கோடாகிவிட்டது. கண்ணாடியை மாற்றினேன். பேனையை மாற்றினேன். பிறகு, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும்போது வலது பெருவிரல் தானாகவே ஆள்காட்டி விரலில் உரசத் தொடங்கியது. எதையோ உருட்டுவது போல. மருத்துவர்கள் அதைக் குளிசை உருட்டும் நடுக்கம் என்றே சொல்வார்களாம். அந்தக் காலத்தில் மருந்து செய்கிறவர்கள் விரலால் குளிசை உருட்டியது அப்படித்தான் இருக்குமாம்.

வெள்ளவத்தையில் இரண்டாம் மாடி வீட்டில் நாங்கள் மூன்று பேர். கணவர் தில்லைநாதன், புகையிரதத் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்து மருதானையிலிருந்து ஓய்வு பெற்றவர். மகள் துளசி, காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை செய்கிறவள். அவளுக்குத்தான் முதலில் பயம் பிடித்தது. அவள்தான் என்னை அரசாங்க மருத்துவமனையின் நரம்பியல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள்.

நம்பர் துண்டை எடுத்துக்கொண்டு மர வாங்கில் இருந்தோம். முன்வரிசையில் ஒருவர் தலையை ஆட்டியபடியே இருந்தார். இன்னொரு அம்மாவுக்கு முகத்தில் அசைவே இல்லை. மகன் வடைத் துண்டை வாயில் வைத்தால் மெல்வதற்கே நேரம் எடுத்தது. எனக்கு முன்னால் இருந்த எல்லாரும் என் வருங்காலம் போலத் தெரிந்தார்கள். நான் எழும்பி நின்றேன். துளசி சேலைத் தலைப்பைப் பிடித்து இருத்தினாள்.

பார்க்கின்சன் நோய்க்கு இரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது என்பதை அன்றுதான் அறிந்தேன். மூளையைப் படம் எடுப்பதுகூட வேறு நோய் வருத்தம் இல்லை என்று உறுதி செய்வதற்குத்தான். மருத்துவர் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். நடைவழியில் நடக்கவிட்டார். பின்னால் நின்று தோளைப் பிடித்துச் சட்டென்று இழுத்தார், விழுகிறேனா என்று பார்க்க. "வலது கை வீசவில்லை, கவனித்தீர்களா?" என்று மகளிடம் ஆங்கிலத்தில் கேட்டார். நாங்கள் யாரும் கவனித்திருக்கவில்லை.

மூளையின் ஆழத்தில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் கலங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டு போகின்றன. "அசை" என்ற கட்டளை கைகாலுக்குத் தடையில்லாமல் போக அந்தப் பொருள்தான் எண்ணெய் மாதிரி. எனக்குத் தந்தது டோபமினைப் போலவே நடிக்கும் ஒரு வகைக் குளிசை. சிறிய அளவில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள். முதல் இரண்டு கிழமை வாந்தி வருவது போல ஓங்காளம். பிறகு ஒருநாள் காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோதுதான் கை நடுங்கவில்லை என்று கண்டேன். அடுப்படியில் தனியாக நின்று அழுதேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் பழைய அலுவலகத் தோழி ஒருத்தி பிறந்தநாளுக்குக் கூப்பிட்டபோது போனேன். இடம் ஒரு காசினோ. "சாப்பாடு சும்மா தருவினம், ஏ.சி.க்குள்ளை இருந்து ஆறுதலாக் கதைக்கலாம்" என்றாள். சாப்பிட்ட பிறகு வேடிக்கைக்கு ஒரு ஜாக்பொட் மெஷினில் உட்கார்ந்தோம். பொத்தானை அமத்தினால் மூன்று சில்லுகள் சுழலும், ஒன்றொன்றாக நிற்கும். அவள் பத்து நிமிடத்தில் அலுத்துப் போனாள். நான் எழும்பவில்லை.

அதுவரை நான் லொத்தர்ச் சீட்டுக்கூட வாங்கியதில்லை. கலியாண வீடுகளில் காட்ஸ் விளையாடுகிறவர்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்புகிறவள். அதனால் எனக்கே விளங்காத ஒன்றை எப்படி விளக்குவது? வெல்வதல்ல என்னைப் பிடித்தது. இரண்டு சில்லு நின்று மூன்றாவது நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஒரு நொடி. உடம்பு முழுவதும் விளக்கெரிந்தது போல இருக்கும். வென்றால் இன்னும் ஒன்று ஆட வேண்டும். தோற்றால் விட்டதை எடுக்க ஆட வேண்டும். எழும்பிப் போவதற்கு மட்டும் ஒரு காரணமும் கிடைக்காது.

மாதம் ஒருமுறை, கிழமைக்கு ஒருமுறையானது. பிறகு மூன்று நாள். தோழியைக் கூப்பிடுவதை நிறுத்தினேன். துணை இருந்தால் வீட்டுக்குப் போகும் நேரம் வந்துவிடும். வெள்ளிக்கிழமை கோயில், மற்ற நாட்களில் கை கால் பயிற்சி வகுப்பு என்று வீட்டில் சொன்னேன். பயிற்சி வகுப்பு என்று ஒன்று இருக்கவே இல்லை. அதற்கு ஒரு ஆசிரியையையும், அவவுக்கு ஒரு பெயரையும், குழப்படியான ஒரு மகனையும் உண்டாக்கி, சாப்பாட்டு மேசையில் கதை சொல்வேன். கணவர் சிரித்துக்கொண்டு கேட்பார்.

எவ்வளவு போனது என்று எழுதப்போவதில்லை. என் சேமலாப நிதி போனது, துளசியின் கலியாணத்துக்கென்று வைத்திருந்த சங்கிலியும் காப்பும் அடகுக்குப் போயின, அவ்வளவு சொன்னால் போதும்.

ஆறு மாதத்துக்குப் பிறகு கிளினிக்கில் ஓர் இளம் மருத்துவர் இருந்தார். தமிழ்ப் பிள்ளை. என் கிளினிக் கொப்பியைப் புரட்டிக்கொண்டு கேட்டார்.

"அம்மா, இந்தக் குளிசை தொடங்கினாப் பிறகு புதுப் பழக்கம் ஏதும்? அளவுக்கு மிஞ்சிச் சாமான் வாங்கிறது, சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, சூது விளையாடுறது, அப்படி ஏதும்?"

இவருக்கு எப்படித் தெரியும்? யாரோ கண்டு சொல்லிவிட்டார்களோ? துளசி வெளியே நின்றாள்.

"இல்லை டொக்டர். நான் வீட்டோடை இருக்கிற ஆள்."

"நல்லது" என்றார். நடை இன்னும் மெதுவாக இருக்கிறது என்று அளவைக் கூட்டினார். அந்தப் பொய்யை நான் எத்தனையோ தரம் திருப்பி நினைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நான்தான் அதைச் சாத்தினேன்.

அளவு கூடியதும் பகலிலும் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. மூன்று தரம் அலுமாரியை அடுக்குவேன். கறியை அடுப்பில் வைத்துவிட்டு மாடிப்படியில் நிற்பேன். மதியம் கணவர் கண்ணயர்ந்ததும் காலி வீதியில் பஸ் ஏறிவிடுவேன்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. மெஷின் நன்றாகத் தந்துகொண்டிருந்தது. கைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். அவர். திரும்ப வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதிர்ந்தது. பார்த்தேன். தேத்தண்ணிக்காக இருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். மூன்றாம் தரம் பார்த்துவிட்டுப் பையைக் காலடியில் தள்ளினேன்.

ஐந்து மணிக்குப் பிறகு வீடு வந்தபோது கதவின் பூட்டு உடைந்து தொங்கியது. கூடத்தில் ஒரு வாளி கவிழ்ந்து கிடந்தது. கீழ்வீட்டுச் சிங்களப் பெண், கமலா, படியில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பினாள். அவளுக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "ஐயா பாத்ரூம்ல விழுந்தது. வாளியால தட்டித் தட்டி இருந்தது. எங்களுக்குக் கேக்க நேரம் போச்சு. மகள் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா."

குளியலறை வழுக்கலில் விழுந்து, தொடை எலும்பு இடுப்போடு பொருந்தும் கழுத்தில் முறிந்துவிட்டது. சட்டைப் பையில் தொலைபேசி இருந்தபடியால் எனக்கு அழைப்பு எடுத்திருக்கிறார். பிறகு அது கை நழுவி எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. ஒன்றரை மணி நேரம் ஈரத் தரையில் கிடந்து வாளியால் கதவைத் தட்டியிருக்கிறார்.

விபத்து வார்டில் காலை நீட்டிக் கட்டிவைத்திருந்தார்கள். முகம் வெளிறியிருந்தது. என்னைப் பார்த்ததும், "நீர் சாப்பிட்டனீரோ?" என்றார்.

"போன் சைலன்டிலை இருந்தது. கோயிலுக்குள்ளை நிண்டனான்" என்றேன். அன்று வெள்ளிக்கிழமைகூட இல்லை, செவ்வாய். அவர் தலையாட்டினார்.

சத்திரசிகிச்சைக்கு மூன்று நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. முறிந்த தொடை எலும்பின் பந்து போன்ற தலையை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைப்பார்கள். வயது போனவர்களைக் கிடத்தி வைத்தால் நெஞ்சில் சளி கட்டும், அதனால் கெதியாக எழுப்பி நடத்தத்தான் இது என்று மருத்துவர் விளக்கினார். பார்வை நேரம் மதியம் ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம். இடையில் நான்கு மணித்தியாலம் வெளி வாங்கில் இருக்க வேண்டும். முதல் நாள் இருந்தேன். இரண்டாம் நாளும் இருந்தேன். கால் நிலத்தில் நிற்கவில்லை. அந்த மனிதர் உள்ளே வலியில் கிடக்கிறார், எனக்கோ சில்லுகள் சுழலும் சத்தம்தான் காதுக்குள். மூன்றாம் நாள், மதியப் பார்வை முடிந்ததும் பஸ் ஏறினேன்.

இதை வாசிக்கிறவர்களுக்கு என் மேல் வெறுப்பு வரும். எழுதுகிற எனக்கும் வருகிறது.

அன்று பார்த்து அவருடைய முறையை முன்னுக்கு எடுத்துவிட்டார்கள். சத்திரசிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போனபோது பக்கத்தில் எங்கள் ஆள் ஒருவரும் இல்லை. யாரோ ஒரு நோயாளியின் மனைவி அவருடைய மோதிரத்தைக் கழற்றி வாங்கி வைத்திருந்து துளசியிடம் கொடுத்திருக்கிறாள்.

நான் திரும்பியபோது துளசி நடைவழியில் நின்றாள். "அப்பான்ரை அடையாள அட்டை உங்கடை பையிலை தானே? மிஸ் கேக்கிறா" என்று என் பையை வாங்கினாள். தாதியரை அங்கே மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். துளசி தேடினாள். அடையாள அட்டையோடு இன்னொரு அட்டையும் வந்தது. பளபளப்பான அட்டை. என் படம், என் பெயர், அந்த இடத்தின் பெயர்.

"இதென்னம்மா?"

அட்டையைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினேன்.

"இப்ப அங்கையிருந்தோ வாறியள்?"

அவள் அப்படியே சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டாள். அலுவலக உடுப்போடு. தள்ளுவண்டிகள் அவளைச் சுற்றிக்கொண்டு போயின.

அந்தக் கிழமை அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் என் குளிசைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை, யாரும் வாசிக்காத அந்தப் பொடி எழுத்துத் தாளை, விரித்து வைத்து வாசித்திருக்கிறாள். ஒரு நாள் காலை அதை என் முன்னால் வைத்து விரலால் காட்டினாள். சிலருக்குச் சூதாடும் உந்துதலை அடக்க முடியாமல் போகலாம், அப்படியானால் மருத்துவரிடம் சொல்லவும், என்று ஆங்கிலத்தில் இருந்தது.

முதலில் ஒரு பாரம் இறங்கியது. நான் இல்லை, குளிசைதான். அடுத்த நொடியே பயம்: இதை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் கை நடுங்கும் என்ற பயம் என்று துளசியிடம் சொன்னேன். உண்மையில் காசினோவுக்குப் போக மனம் வராமல் போய்விடுமோ என்றுதான் பயந்தேன். அது எவ்வளவு பெரிய நோய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நரம்பியல் நிபுணர் ஒரு சிங்கள அம்மையார். ஆங்கிலத்தில் பேசினார். டோபமின் அசைவுக்கு மட்டும் எண்ணெய் இல்லை, ஆசைக்கும் அதுதான் எண்ணெய் என்றார். கைக்குக் கொடுக்கும் மருந்து சிலருக்கு ஆசையின் பக்கமும் வழிந்து போய்விடுகிறது. எல்லாருக்கும் வராது. வந்தாலும் பலர் வெட்கத்தில் சொல்வதில்லை. "எங்களுடைய இளம் மருத்துவர் கேட்டதாகக் கொப்பியில் இருக்கிறதே?" என்றார். நான் குனிந்தேன். அவர் மேலே கேட்கவில்லை. ஒரேயடியாக நிறுத்தினால் ஆபத்து, யாரும் தாமாக நிறுத்தவும் கூடாது, வார்டில் வைத்துக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும் என்றார். பதினொரு நாள் இருந்தேன்.

குறைக்கக் குறைக்க உடம்பு வியர்த்தது. படுத்தால் எழும்ப வேண்டும். எழும்பினால் நடக்க வேண்டும். நடந்தால் கால் நிலத்தில் ஒட்டிக்கொண்டது. காரணம் இல்லாமல் அழுகை. நடுக்கம் திரும்பி வந்து, தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க இரண்டு கை வேண்டியிருந்தது. போதைப் பொருளை விட்டவர்களுக்கு வருவது போலத்தான் இது என்று மிஸ் சொன்னா.

பக்கத்துக் கட்டிலில் பிலோமினா, கொட்டாஞ்சேனைப் பெண், பக்கவாதத்தில் இடது கை விழுந்தவள். எப்போதும் மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பச் சொல்லிச் சண்டை பிடிப்பாள். என் கதையை மிஸ்மார் கதைத்ததில் கேட்டுவிட்டாள்.

"உங்களுக்காவது குளிச. எங்கட வீட்டுக்காரருக்கு ஒரு மருந்தும் குடுக்கல்ல. ஹாபர்ல நல்ல வேல. பின்னேரமானா ரேஸ் புக்கியில பந்தயம் கட்டுவார். லண்டன்ல குதிர ஓடும், கொட்டாஞ்சேனையில எங்கட அடுப்பு அணையும்."

"அடிப்பாரோ?"

"ஐயோ, இல்ல. தங்கமான மனுசன். தோத்துட்டு வந்தா பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிட்டு வருவார். மிட்டாயக் கண்டா பிள்ளைகள் என் மூஞ்சியப் பாக்கும். நான் என்ன சொல்றன்னா, பணம் போனத நான் மறந்துட்டன். எங்க போனீங்கன்னு கேட்டா ஒவ்வொரு நாளும் ஒரு கத. சாகிற வரைக்கும் அந்த மனுசன் ஒரு நாள்கூட உள்ளதச் சொல்லல்ல. அதத்தான் என்னால இன்னும் மறக்க ஏலாது. அந்த ஃபேனக் கொஞ்சம் திருப்புங்க."

திருப்பினேன். அன்று முழுவதும் வார்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தேன். தாகத்தைக் குளிசை தந்தது, சரி. பயிற்சி ஆசிரியைக்குப் பெயர் வைத்தது யார்?

ஆறாம் நாள் என் கணவர் வந்தார். நான்கு கால் நடைச் சட்டத்தை ஊன்றி, வார்டு வாசலிலிருந்து என் கட்டில் வரை வர எவ்வளவோ நேரம் எடுத்தது. துளசி ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

"அண்டைக்கு நான் கோயிலிலை இல்லை" என்றேன்.

"தெரியும். பிள்ளை சொன்னவள்."

"போன் சைலன்டிலையும் இல்லை. நீங்கள் எடுத்ததைப் பாத்தனான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எத்தினை தரம்?"

"மூண்டு தரமும்."

துளசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் சட்டத்தின் பிடியைத் தடவியபடி இருந்தார். பார்வை நேரம் முடிகிற மணி அடித்தது.

"மருந்தாலை வந்தது எண்டு பிள்ளை சொல்லுறாள். டொக்டரும் சொல்லுறா. நான் நம்புறன்" என்றார். "ஆனா நிலத்திலை கிடந்தது நான்தானே."

மீதி நாட்களில் அவர் வரவில்லை. துளசி மட்டும் சூப் போத்தலோடு வருவாள். ஒருநாள் அதில் மரக்கறித் துண்டு ஒன்றும் இல்லை, வடித்திருந்தது. "அப்பாதான் வடிக்கச் சொன்னவர். கை நடுங்கினால் கரண்டியிலை துண்டு நிக்காதாம்" என்றாள். நான் அந்தச் சூப்பை முழுதும் குடித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு என் வங்கி அட்டை துளசியிடம் போனது. என் கையொப்பத்தோடு, இவரை இனி உள்ளே விடவேண்டாம் என்று அந்த இடத்துக்கு ஒரு கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அடகில் இருந்தவற்றை மீட்க முடியவில்லை. அந்தத் தாகம் கிழமைக்குக் கிழமை குறைந்து, ஒரு நாள் மதியம் அதை நினைக்காமலே போய்விட்டது. கை நடுங்குகிறது. புதிய மருந்தில் நாளில் சில மணி நேரம் நன்றாக இருக்கும், சில மணி நேரம் இராது. அதோடு வாழப் பழகிவிட்டேன்.

பழக முடியாமல் இருந்தது வேறொன்று. அவர் என்னோடு பேசினார், சாப்பிட்டார், செய்தி பார்த்தார். ஆனால் கட்டிலை விட்டு எழும்ப, குளியலறைக்குப் போக, ஒரு துவாய் எடுக்க, எதற்கும் என்னைக் கூப்பிடவில்லை. "துளசி" என்றுதான் குரல் வரும். அவள் வேலைக்குப் போனபின் அவள் வரும்வரை அடக்கிக்கொண்டு இருப்பார், அல்லது சட்டத்தைப் பிடித்துத் தனியாகப் போவார். நான் கதவுக்கு வெளியே, அவருக்குத் தெரியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் அடுப்படியில் நின்றேன். குளியலறையிலிருந்து அவர் கூப்பிடும் சத்தம் வந்தது.

"இஞ்சரும்."

துளசி வழக்கம்போலத் தன் அறையிலிருந்து ஓடி வந்தாள்.

"நீயில்லை. கொம்மாவைக் கூப்பிட்டனான்."

அவள் என்னைப் பார்த்தாள். விலகி நின்றாள். நான் புறப்பட்டேன். கூடத்தில் பாதியில் வலது கால் நிலத்தில் ஒட்டிக்கொண்டது. அவசரப்பட்டால் அது அப்படித்தான் செய்யும். அசைக்கப் பார்த்தேன், அசையவில்லை. அவர் கூப்பிட்டிருக்கிறார், நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

"வாறன்" என்று கத்தினேன். "வாறன், நிண்டுகொள்ளுங்கோ, வாறன்."

உள்ளே தண்ணீர்க் குழாய் மூடும் சத்தம் கேட்டது.

"ஆறுதலா வாரும்" என்றார். "நான் விழேல்லை."